அனிதா போட்ட கையெழுத்து

கால் சுண்டுவிரலை எடுத்துவிடலாம் என்று நாமக்கல் டாக்டர் சொன்னபோது, மணிமாறன் நாற்காலியை விட்டு எழுந்து, "கேட்டுட்டுச் சொல்றனுங்க" என்றான். யாரைக் கேட்டு என்று டாக்டர் விசாரிக்கவில்லை. வீட்டில் மூத்தவர்கள் யாராவது இருப்பார்கள் என்று நினைத்திருப்பார். கேட்கப்போவது கர்த்தரை என்பது பக்கத்தில் நின்ற அனிதாவுக்கு மட்டும்தான் தெரியும். அவள் டாக்டரைப் பார்த்துச் சிரித்து வைத்தாள். கட்டுப்போட்ட காலை விந்தி விந்தி இழுத்துக்கொண்டு புருஷன் படியிறங்குவதைப் பின்னாலிருந்து பார்த்தபடி அவளும் இறங்கினாள்.

மணிமாறன் லாரி டிரைவர். வடக்கே இந்தூர், நாக்பூர் என்று ஓடுகிற வண்டி. சர்க்கரை வந்து பல வருஷமாகிப் பாதத்தில் உணர்வே போயிருந்தது. கேபினுக்குள் இஞ்சின் சூடு பட்டுப் பட்டு விரல் வெந்தது அவனுக்குத் தெரியவில்லை. ஊருக்கு வந்து செருப்பைக் கழற்றியபோது அனிதாதான் பார்த்தாள். தோல் உரிந்து, விரல் ஈயம் பூசியது போல நிறம் மாறியிருந்தது.

"வலிக்கலீங்களா?"

"இல்ல புள்ள. வலியே இல்ல" என்றான், ஏதோ நல்ல செய்தி சொல்வது போல.

அனிதா சேலத்துக்காரி, பிறந்ததிலிருந்தே கிறிஸ்தவக் குடும்பம். அவள் வீட்டில் சாப்பிடும் முன் ஜெபம், படுக்கும் முன் ஜெபம், ஞாயிற்றுக்கிழமை சர்ச். அதற்குப் பிறகு எல்லோரும் அவரவர் வேலையைப் பார்ப்பார்கள். ஆண்டவர் வீட்டில் கூடவே இருக்கிற ஒருவர். அவரை எழுப்பிக் கேட்டுவிட்டுத்தான் அரிசி களைய வேண்டும் என்று யாரும் நினைத்ததில்லை. மணிமாறன் அவளைக் கட்டிக்கொள்வதற்காக ஞானஸ்நானம் வாங்கியவன். முதல் சில வருஷம் கிறிஸ்துமஸுக்கு மட்டும் சர்ச்சுக்கு வருவான். பிறகு ஒருமுறை நாக்பூர் தாண்டி ஒரு இறக்கத்தில் பிரேக் பிடிக்காமல் போய், வண்டி தானாகப் பருத்திக் காட்டுக்குள் இறங்கி நின்றது. அவனுக்கும் கிளீனருக்கும் ஒரு கீறல்கூட இல்லை. அந்தக் காட்டிலேயே மண்டி போட்டவன், அன்றிலிருந்து எதையும் கேட்காமல் செய்வதில்லை.

எந்த லோடு எடுப்பது, எந்த ரோட்டில் போவது, மகள் யாழினியை எந்தக் காலேஜில் சேர்ப்பது, எல்லாவற்றையும் கேட்டான். பிரிட்ஜ் வாங்கலாமா என்று கேட்டு ஒரு கோடை முழுக்கக் காத்திருந்தார்கள். மனதில் ஒரு சமாதானம் வரும், அதுதான் பதில் என்பான். அப்படி வந்த பதில்கள் பெரும்பாலும் நல்லபடியாகத்தான் முடிந்தன. யாழினி படித்து முடித்து, கோயம்புத்தூரில் ஒரு பனியன் கம்பெனி ஆபீஸில் வேலைக்குச் சேர்ந்திருந்தாள். அதனால் அனிதாவால் எதிர்த்து எதுவும் சொல்ல முடிந்ததில்லை. ஒரே ஒரு முறை மட்டும், "எல்லாத்தையும் அவரைக் கேக்கறீங்க. என்னையவும் ஒருவாட்டி கேக்கலாமுங்களா?" என்றாள். அவன் சிரித்துவிட்டான். "உனக்கும் சேத்துத்தான புள்ள அவருகிட்டக் கேக்கறேன்."

விரல் விஷயத்திலும் கேட்டான். வெள்ளிக்கிழமைதோறும் அவர்கள் வீட்டில் ஜெபக்கூட்டம் நடக்கும். எருமப்பட்டி ரோட்டில் பஞ்சர் கடை வைத்திருக்கிற சென்னியப்பன்தான் நடத்துவார். ஒரு காலத்தில் குடித்துக் குடித்து ரோட்டோரம் கிடந்தவர். விசுவாசத்துக்கு வந்த பிறகு ஒரு சொட்டுகூடத் தொடவில்லை. நல்ல மனுஷர். மணிமாறனால் நடக்க முடியாமல் போனதும் தினமும் கடையைத் திறக்கும் முன் வந்து, அவனைக் கைத்தாங்கலாகக் குளியலறைக்குக் கூட்டிப்போய் உட்கார வைத்துவிட்டுப் போவார். கூடப்பிறந்தவன்கூட அப்படிச் செய்யமாட்டான் என்று அனிதா பல முறை நினைத்திருக்கிறாள். அதனால்தான் பின்னால் அவர் மேல் கோபப்படுவதும் அவளுக்குச் சிரமமாக இருந்தது.

அந்த வெள்ளிக்கிழமை ஜெபத்தின் நடுவில் சென்னியப்பன் எழுந்து நின்றார். கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது.

"பாத்தேன், மணி. ஏரிக்கரையில நீ நடந்து போற. ரெண்டு காலும் மண்ணுல பதியுது. நான் பின்னால வாரேன், உன்ற காலடித் தடத்தப் பாத்துக்கிட்டே வாரேன். ரெண்டு காலுடா மணி! முழுசா!"

வந்திருந்தவர்கள் எல்லோரும் சத்தமாகத் தோத்திரம் சொன்னார்கள். மணிமாறன் கட்டிலில் உட்கார்ந்து சின்னப் பிள்ளை போல அழுதான். அனிதா சமையலறை வாசலில் டீத் தட்டோடு நின்றாள். டீ ஆறிக்கொண்டிருந்தது. அந்த அறையில் தனக்கு மட்டும் ஏன் ஒன்றும் தோன்றவில்லை என்று அவளுக்குப் பயமாக இருந்தது.

அதற்குப் பிறகு அறுவை சிகிச்சை என்ற பேச்சையே அவன் எடுக்கவிடவில்லை. மாத்திரை சாப்பிட்டான், ஊசி போட்டுக்கொண்டான், கட்டு மாற்றவும் விட்டான். கத்தி மட்டும் வேண்டாம் என்றான். விரலில் இருந்த கறுப்பு மெதுவாகப் பாதத்துக்கு ஏறியது. வீட்டுக்குள் ஒரு வாடை வந்து தங்கிவிட்டது. ஜன்னல் எல்லாம் திறந்து வைத்தாலும், பினாயில் ஊற்றிக் கழுவினாலும், அந்த வாடை அவள் சேலையில் ஒட்டிக்கொண்டு பண்ணை வரைக்கும் கூட வந்தது.

கோழிப்பண்ணையில் முட்டை பிரிக்கிற கொட்டகையில் அவளுக்கு வேலை. வந்து குவிகிற முட்டையைப் பார்த்துப் பார்த்து, நல்லதை அட்டையில் அடுக்கி, கீறல் விழுந்ததை ஒதுக்கி வைக்க வேண்டும். கை பாட்டுக்கு வேலை செய்யும். மனம் பாட்டுக்குக் கேட்டுக்கொண்டிருக்கும். ஆண்டவரே, நீர் அவருகிட்டப் பேசினீரா, இல்லையா? பேசியிருந்தா எனக்கும் சொல்லும். பேசலைன்னா அதையாவது சொல்லும். ஒரு வார்த்தை போதும்.

பதிலாக வந்ததெல்லாம் அலுப்புதான். முதுகு வலித்தது. முட்டிக்கால் வலித்தது. வீட்டுக்குப் போனால் கட்டு மாற்ற வேண்டும், படுக்கை விரிப்பைத் துவைக்க வேண்டும், சோறு வடிக்க வேண்டும். கட்டாயப்படுத்தி ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போகலாமா என்று நினைப்பாள். உடனே அடுத்த நினைப்பு வரும்: சென்னியப்பன் பார்த்தது நிஜமாக இருந்தால்? நாளைக்கே ஆறுவதாக இருந்து, இன்றைக்கு நான் வெட்டச் சொன்னால்? விசுவாசம் இல்லாத பொம்பளை என்று ஊர் சொல்வதைப் பற்றி அவளுக்குக் கவலை இல்லை. அவன் ஆயுசுக்கும் தன்னை அப்படிப் பார்ப்பானே என்பதுதான் கவலை.

ஒரு நாள் மத்தியானம் பக்கத்து வீட்டுப் பாவாயி பண்ணைக்குப் போன் செய்தாள். "அனிதா, உடனே வா சாமி. உன்ற ஊட்டுக்காரரு என்னென்னமோ பேசறாரு. உடம்பு அனலாக் கொதிக்குது."

அவள் ஓடி வந்தபோது மணிமாறன் கட்டிலில் படுத்தபடியே வண்டி ஓட்டிக்கொண்டிருந்தான். கை ஸ்டியரிங்கைப் பிடித்திருப்பது போல வளைந்திருந்தது. "இந்தூர் தாண்டிட்டமாடா? லைட்டப் போடு. எதிர்ல வரான் பாரு" என்று கிளீனரிடம் பேசினான். அனிதா முகத்தைப் பிடித்துத் திருப்பியும் அவளை அடையாளம் தெரியவில்லை. அவள் ஆம்புலன்சுக்குப் போன் போட்டாள். அதற்கு யாரையும் கேட்க வேண்டும் என்று தோன்றவில்லை. சென்னியப்பன் கையெல்லாம் கிரீஸோடு ஓடி வந்து, அவனைத் தூக்கி வண்டியில் ஏற்றி, தானும் ஏறிக்கொண்டார். நாமக்கல்லில் குளுக்கோஸ் ஏற்றி, இங்கே பார்க்க முடியாது என்று சேலத்துக்கு அனுப்பினார்கள். வழி நெடுக அவர் வாய்க்குள் ஜெபித்துக்கொண்டே வந்தார். அனிதா புருஷனின் நெற்றியில் ஈரத்துணியை வைப்பதும் எடுப்பதுமாக இருந்தாள்.

சேலத்துப் பெரிய ஆஸ்பத்திரியில் காலைப் பார்த்த டாக்டரம்மாவுக்கு யாழினியைவிடக் கொஞ்சம் வயது கூடுதலாக இருக்கும். கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. எத்தனை நேரமாகத் தூங்கவில்லையோ.

"விஷம் ரத்தத்துல கலந்துடுச்சும்மா. இனி விரல், பாதம்னு பேச முடியாது. முட்டிக்குக் கீழ எடுக்கணும். இன்னைக்கே எடுக்கணும்."

"எடுக்கலைன்னா?"

டாக்டரம்மா அவளை நேராகப் பார்த்தாள். "பொழைக்க மாட்டாரும்மா. எடுத்தாலும் பொழைப்பாருன்னு உறுதி சொல்ல முடியாது. ஆனா ஒரு வாய்ப்பு இருக்கு. அவருக்கு நினைவு சரியில்ல, அவரால சொல்ல முடியாது. நீங்கதான் கையெழுத்துப் போடணும். தியேட்டர் தயார் பண்ணச் சொல்லியிருக்கேன். ரொம்ப யோசிக்காதீங்க."

வராந்தாவுக்கு வந்தபோது சென்னியப்பன் சுவரோரம் குந்தியிருந்தார். அவள் விஷயத்தைச் சொன்னாள். அவர் முகம் வெளுத்துப் போனது.

"அம்மிணி, அவசரப்படாத. கர்த்தர் காட்டுனது பொய்யாப் போகாது."

"அப்பப் போட வேண்டாங்கறீங்களா, அண்ணா?"

அவர் தலையைக் கவிழ்த்துக்கொண்டு, "நான் என்னத்தச் சொல்றது… ரெண்டு காலோட பாத்தேன் அம்மிணி" என்றார். வேண்டாம் என்றும் சொல்லவில்லை, போடு என்றும் சொல்லவில்லை.

யாழினிக்குப் போன் போட்டாள். மகள் முழுசாகக் கேட்கக்கூட இல்லை. "போடும்மா! இதுல என்னம்மா யோசனை? அப்பா சொல்வாரு, சென்னியப்பன் மாமா சொல்வாருன்னு நீ பாத்துக்கிட்டிருந்தா அப்பாவே இருக்கமாட்டாரும்மா. நான் இப்பவே பஸ் ஏறறேன்" என்று சொல்லி அழ ஆரம்பித்தாள். அனிதா, "பாத்து வா கண்ணு" என்று மட்டும் சொல்லி வைத்தாள்.

பிறகு தன் சர்ச் பாஸ்டருக்குப் போட்டாள். எடுத்தது அவர் மனைவி. "பாஸ்டர் தம்மம்பட்டிக்கு ஒரு அடக்க ஆராதனைக்குப் போயிருக்காரும்மா. போனை இங்கயே வச்சுட்டுப் போயிட்டாரு. வந்ததும் சொல்றேன். நாங்க ஜெபிக்கிறோம்." அனிதா நன்றி சொன்னாள். அவர் எடுத்திருந்தால் என்ன கேட்டிருப்பாள் என்று யோசித்தாள். போடு என்று அவரைச் சொல்லவைக்கத்தான் போன் செய்தோம் என்று அவளுக்கே தெரிந்தது. அவர் சொல்லியிருந்தால், அந்தக் கையெழுத்து பாதி அவருடையதாக ஆகியிருக்கும்.

பெஞ்சில் இடம் இருந்தது. உட்கார்ந்தாள். பக்கத்தில் முக்காடு போட்ட ஒரு அம்மா, அனிதாவைவிட மூத்தவர், மடியில் ஒரு பையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவர் தண்ணீர் பாட்டிலைத் திறந்து நீட்டினார்.

"குடிம்மா. வந்ததுலருந்து பாக்கறேன், நீ ஒரு வாய் தண்ணி குடிக்கல."

பெயர் அஜீஸுன்னிசா. வீட்டுக்காரர் மொய்தீன் சேலத்தில் துணிக்கடை வைத்திருக்கிறவர், அவருக்கும் சர்க்கரை, அவருக்கும் கால்தான். போன வாரம் பாதத்தை எடுத்தார்களாம். யார் என்ன என்று பெரிதாக விசாரித்துக்கொள்ளாமலே அனிதா எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். சென்னியப்பன் கண்டதையும், தனக்கு எந்தப் பதிலும் வராததையும் சொன்னாள்.

"உங்கள்ல இந்த மாதிரிக் கேக்குற பழக்கம் உண்டுங்களா?" என்று கேட்டாள்.

"இல்லாம? கேப்போம். தொழுதுட்டுக் கேட்டுட்டு, மனசு எந்தப் பக்கம் சாயுதோ அந்தப் பக்கம் போவோம்."

"சாயலைன்னா?"

அஜீஸுன்னிசா பாட்டிலை மூடிப் பைக்குள் வைத்தார். "எனக்கும் சாயலம்மா. பயத்துல மனசு எங்கே சாயும்? கல்லு மாதிரி உக்காந்திருந்துச்சு. கேட்டாச்சு, இனி அவன் பாத்துக்குவான்னு போட்டுட்டேன். இன்னைக்கு வரைக்கும் அது சரியா தப்பான்னு எனக்குத் தெரியாது. காலையில இட்லி கேட்டாரு."

சொல்லிவிட்டு அவர் லேசாகச் சிரித்தார். அனிதாவுக்குச் சிரிப்பு வரவில்லை. ஆனால் நெஞ்சில் இருந்து ஏதோ கொஞ்சம் இறங்கியது.

அவள் தலையைச் சுவரில் சாய்த்துக் கண்ணை மூடினாள். வார்த்தை எதுவும் கிடைக்கவில்லை. சின்ன வயதில் மனப்பாடம் செய்த ஜெபத்தைத் தொடங்கி, பாதியில் மறந்து, மறுபடி முதலிலிருந்து தொடங்கினாள். ஸ்ட்ரெச்சர் சக்கரம் கிரீச்சிட்டுக்கொண்டு போனது. யாரோ ஒரு நர்ஸ் யாரையோ திட்டினாள். பக்கத்து வார்டில் குழந்தை அழுதது. அவள் காத்திருந்தாள். ஒரு குரல், ஒரு எண்ணம், மணிமாறன் சொல்வானே அந்தச் சமாதானம், எதுவாவது வரட்டும் என்று காத்திருந்தாள். வெயில் வராந்தாவின் கம்பி வழியாக அவள் காலில் விழுந்து சுட்டது.

எதுவும் வரவில்லை.

சரி ஆண்டவரே, என்று மனதுக்குள் சொன்னாள். நீர் பேசலை. பேச மாட்டீரோ, எனக்குக் கேக்கலையோ, அது எனக்குத் தெரியாது. நான் ரொம்பக் களைச்சுட்டேன். நான் போடப்போறேன். தப்புன்னா என் கணக்குல வையும். அவர் மேல வைக்காதீர்.

எழுந்து போய், டாக்டரம்மா காட்டிய இடத்திலெல்லாம் கையெழுத்துப் போட்டாள். பண்ணையில் சம்பளம் வாங்கும்போது போடுகிற அதே கையெழுத்துதான். திரும்பி வந்தபோது சென்னியப்பன் அவள் முகத்தைப் பார்த்துப் புரிந்துகொண்டார். எழுந்து வெளியே போனார். போய்விட்டார் என்றே அவள் நினைத்தாள். கொஞ்ச நேரத்தில், ரத்தம் கொடுக்க எங்கே போக வேண்டும் என்று நர்ஸிடம் கேட்டுக்கொண்டு அவர் நிற்பது தெரிந்தது.

மணிமாறன் பிழைத்தான். காய்ச்சல் இறங்கி, பேச்சு தெளிந்து, ஆளை அடையாளம் கண்டு, யாழினியைப் பார்த்து "எப்ப வந்த கண்ணு?" என்று கேட்கச் சில நாட்கள் ஆயின. அன்று அனிதா கஞ்சியோடு வந்தபோது அவன் போர்வையையே பார்த்துக்கொண்டிருந்தான். இடது பக்கம் போர்வை பாதியில் தட்டையாக இறங்கியிருந்தது.

"யாழினி, சித்தெ வெளிய இரு" என்றான். மகள் போனதும் கேட்டான், "யாரைக் கேட்டு எடுத்த?"

"ஆண்டவரைத்தான் கேட்டனுங்க."

"என்ன சொன்னாரு?"

பொய் சொல்லியிருக்கலாம். சமாதானம் வந்தது என்று சொல்லியிருந்தால் அவன் ஏற்றுக்கொண்டிருப்பான். அவனுக்கு அந்த மொழி தெரியும். அந்த ஒரு வார்த்தையில் எல்லாம் முடிந்திருக்கும். அவள் கஞ்சிக் கிண்ணத்தைக் கீழே வைத்தாள்.

"ஒன்னுமே சொல்லலீங்க."

"அப்பறம் எப்படிப் போட்ட?"

"நீங்க செத்துருவீங்கன்னு டாக்டரம்மா சொன்னாங்க. அதனால போட்டேன்."

"அவர் சொல்ற வரைக்கும் காத்திருக்கோணும் அனிதா. என்ற காலு அது. காத்திருந்திருக்கோணும்."

"காத்திருந்தா உங்களப் பொட்டியில வச்சுத்தான் ஊருக்குக் கொண்டுபோயிருப்பேன்" என்றாள். கத்தவில்லை, கத்தத் தெம்பு இல்லை. "கஞ்சி ஆறுது. குடிங்க."

அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். அன்று கஞ்சியை யாழினிதான் ஊட்டினாள்.

ஊருக்கு வந்த பிறகும் அவன் அவளோடு சரியாகப் பேசவில்லை. "தண்ணி" என்பான் சுவரைப் பார்த்து. "விரிப்பு ஈரமா இருக்கு" என்பான் கூரையைப் பார்த்து. அவள் தண்ணீர் கொடுத்தாள், விரிப்பு மாற்றினாள், புண் ஆறிக்கொண்டிருந்த கால் முனைக்குக் கட்டுப் போட்டாள், பண்ணைக்குப் போனாள், வந்தாள். வெள்ளிக்கிழமைக் கூட்டம் நின்றுபோனது. யாரும் நிறுத்தச் சொல்லவில்லை, யாரும் வரவில்லை. வேதப்புத்தகம் அவன் தலைமாட்டில் இருந்தது. எடுத்து மடியில் வைப்பான், திறக்கமாட்டான். முன்பு எதற்கெடுத்தாலும் கேட்டவன் இப்போது எதையும் கேட்காமல் கிடப்பது அவளுக்குப் பொறுக்கவில்லை. அவன் அந்தப் பிரிட்ஜுக்காகக் காத்திருந்த கோடையே பரவாயில்லை என்று தோன்றியது.

ஒரு நாள் உச்சி வெயிலில் சென்னியப்பன் வந்தார். சேலத்திலிருந்து திரும்பிய பிறகு அவர் வந்தது அன்றுதான். கையில் ஒரு பை கொய்யாப்பழம். சர்க்கரைக்காரனுக்குப் பழுத்தது ஆகாது என்று எல்லாம் செங்காயாகப் பொறுக்கி எடுத்து வந்திருந்தார். வாசலிலேயே நின்றார்.

"உள்ள வாங்கண்ணா" என்று அனிதாதான் கூப்பிட வேண்டியிருந்தது.

கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து பையைக் காலடியில் வைத்தார்.

"நான் பொய் சொல்லல, மணி. பாத்தேன். இப்பவும் கண்ண மூடினா அப்படியே தெரியுது. ஆனா அது கர்த்தர் காட்டுனதா, என்ற ஆசை காட்டுனதான்னு எனக்குத் தெரியலடா. நீ நல்லா நடக்கோணும்னு எனக்கு அவ்வளவு ஆசை. ராவும் பகலும் அதே நெனப்பு. அந்த நெனப்பே படமா வந்துருச்சோ என்னவோ. நான் அதை ஆசைன்னு சொல்லியிருந்தா நீ அப்பவே விரலோட முடிச்சிருப்ப."

சென்னியப்பன் அனிதா பக்கம் திரும்பினார். "அன்னைக்கு நான் சொன்னத நீ கேட்டிருந்தா அம்மிணி…"

"கேட்டிருந்தா இன்னைக்கு நீங்க கொய்யா வாங்கிட்டு வர வேல இருந்திருக்காதுங்கண்ணா" என்றாள். சொன்ன பிறகுதான் அது எவ்வளவு கடுமையாக விழுந்தது என்று தெரிந்தது. ஆனால் திருப்பி எடுத்துக்கொள்ளவில்லை. அவர் தலையை ஆட்டினார். அது தனக்கு வர வேண்டியதுதான் என்பது போல ஆட்டினார்.

அப்போது மணிமாறன், "சாப்புட்டியா?" என்றான் சென்னியப்பனிடம்.

"இல்ல."

"அனிதா, ரெண்டு பேருக்கும் சோறு போடு."

கட்டிலில் இருந்து அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டது ஆஸ்பத்திரிக்குப் பிறகு அதுதான் முதல் தடவை. அவள் இரண்டு தட்டில் சோறும் கீரைக் குழம்பும் போட்டாள். சென்னியப்பன் சாப்பிட்டுக்கொண்டே கண்ணைத் துடைத்துக்கொண்டார். மணிமாறன் பார்க்காதது போல இருந்தான்.

அவர் போன பிறகு அனிதா தட்டுகளைக் கழுவி வைத்துவிட்டுத் திரும்பினாள். மணிமாறன் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"அன்னைக்குப் பயந்தியா?"

"பயந்தேன். இப்பவும் பயந்துட்டுத்தான் இருக்கறேன். நீங்க பேசாமயே இருந்துருவீங்கன்னு."

"நானும் பயந்தேன் புள்ள. முதல்லயே. டாக்டரு விரல்னு சொன்னாரே, அப்பவே கை காலெல்லாம் சில்லிட்டுப் போச்சு. கத்தி வேண்டாம்னு யாராவது சொல்லமாட்டாங்களான்னு இருந்துச்சு. சென்னியப்பன் சொன்னான். புடிச்சுக்கிட்டேன்." போர்வையை இழுத்துவிட்டுக்கொண்டான். "அவன் மேல தப்பு இல்ல. எனக்கு எது வேணுமோ அத அவன் வாயில இருந்து எடுத்துக்கிட்டேன்."

அனிதா கட்டிலின் காலடியில் தரையில் உட்கார்ந்தாள்.

"ஆனா ஒன்னு" என்றான். "அவர் பேசவே மாட்டாருன்னு மட்டும் சொல்லாத."

"நான் எப்ப அப்படிச் சொன்னேன்? எனக்குக் கேக்கலைன்னுதான் சொன்னேன்."

"கேக்காமயே போட்டியே, அந்தத் தெகிரியம் எங்கிருந்து வந்துச்சாம்?"

"தெகிரியம் இல்லீங்க. அலுப்பு" என்றாள். "இதுக்கு மேல சுமக்க முடியலன்னு போட்டேன். அவ்வளவுதான்."

அந்தப் பேச்சு அங்கேயே நின்றது. பிறகும் சில நாட்கள் அவன் கோபம் வந்து போய்க்கொண்டுதான் இருந்தது. இல்லாத பாதத்தில் அரிப்பு எடுக்கும்போது அவள் மேல் எரிந்து விழுவான். அவள் பதிலுக்குப் பாத்திரத்தை நங்கென்று வைப்பாள். எல்லாம் சரியாகிவிட்டது என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் சுவரைப் பார்த்துப் பேசுவதை விட்டுவிட்டான். லாரி ஓனர், புண் ஆறியதும் செயற்கைக் கால் பொருத்திக்கொண்டு புக்கிங் ஆபீஸில் வந்து உட்காரச் சொல்லி ஆள் அனுப்பியிருந்தார். உட்காரலாமா வேண்டாமா என்று இரண்டு பேரும் வாக்குவாதம் செய்தார்கள். அவள், உட்காருங்க என்றாள். அவன், டிரைவர்கள் எல்லாம் பரிதாபமாகப் பார்ப்பார்கள் என்றான். இன்னும் முடிவாகவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, சர்ச் முடிந்து ஆட்டோவில் திரும்பி வந்து, மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு அவள் கட்டு மாற்றினாள். பஞ்சில் மருந்து நனைத்துத் துடைத்தாள். புண் வாயோரம் இளஞ்சிவப்பாகச் சதை பிடித்துக்கொண்டிருந்தது. வாடை இல்லை. துணியைச் சுற்றி முடிந்துவிட்டு, அங்கேயே சுவரில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்தாள்.

"ஜெபிக்கலாமா?" என்றான் மணிமாறன்.

"சரிங்க."

அவன் கண்ணை மூடித் தொடங்கினான். பழைய மாதிரி அடுக்கடுக்காக வரவில்லை. ஒவ்வொரு வார்த்தையாகத் தேடி எடுத்தான். யாழினிக்காகக் கேட்டான். சென்னியப்பனின் கடைக்காகக் கேட்டான். சேலத்து ஆஸ்பத்திரியில் தண்ணீர் கொடுத்ததாக அனிதா சொல்லியிருந்த அந்த அம்மாவின் வீட்டுக்காரருக்காகக் கேட்டான், பெயர் சந்தேகமாக இருக்க, "அந்த மொய்தீன் பாய்தானே?" என்று கண்ணைத் திறக்காமலே அவளிடம் கேட்டுக்கொண்டு தொடர்ந்தான். பிறகு, "இவளுக்கு…" என்றான். சற்று நேரம் எதுவும் வரவில்லை. இத்தனை வருஷத்தில் அவளுக்கென்று தனியாக என்ன கேட்பது என்று அவன் யோசித்ததே இல்லை போலிருந்தது. "இவ ரொம்பக் களைச்சிருக்கா ஆண்டவரே. இவளுக்கு என்ன வேணும்னு எனக்குத் தெரியல. நான் இதுவரைக்கும் கேக்கல. நீரே பாத்துக் கொடும்."

ஆமென் சொல்லிக் கண்ணைத் திறந்து பார்த்தான். அனிதா சுவரில் சாய்ந்தபடி, வாய் லேசாகத் திறந்திருக்க, கையில் மருந்துப் பஞ்சோடு தூங்கிப் போயிருந்தாள். எழுப்பவில்லை. கட்டிலில் இருந்து எட்டி, தலையணை ஒன்றை இழுத்து அவள் பக்கமாக நகர்த்த முயன்றான். எட்டவில்லை. தலையணையை மடியில் வைத்துக்கொண்டு, அவள் தானாக விழிக்கட்டும் என்று உட்கார்ந்திருந்தான்.